கல்லாப்பெட்டியில் இரண்டு ‘கேஷ்’

“பெரியப்பா, ‘கேஷ்’ என்ற ஆங்கிலச் சொல் நம்முடைய ‘காசு’விலிருந்து போனதுதானே? கல்லூரியில் அப்படிச் சொன்னேன். பக்கத்தில் இருந்த பெண், அது பிரெஞ்சுச் சொல் என்றாள். வகுப்பே சிரித்துவிட்டது. யார் சொன்னது சரி?”

தாராவி தொண்ணூறு அடிச் சாலையில் மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பரின் மகள் கேட்டது இது. அவள் வணிகவியல் படிக்கிறாள், மாலையில் கடையில் கல்லாவையும் பார்த்துக்கொள்கிறாள். நான் மும்பையில் முப்பத்தாறு வருடம் வங்கிக் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அரிசிக்கும் பருப்புக்கும் நடுவில் நின்றுகொண்டு சொல்லி முடிக்கிற விஷயமாக இது இல்லை. அதனால் எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மக்களே, உன் தோழி சொன்னது சரி. நீ சொன்னதும் பொய்யில்லை. இரண்டு பேரையும் சமாதானப்படுத்துவதற்காக இப்படிச் சொல்வதாக நினைக்காதே. விஷயமே அப்படித்தான் அமைந்திருக்கிறது. ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்று ஒரே எழுத்துக்கூட்டில் இரண்டு சொற்கள் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு அகராதி இரண்டையும் தனித்தனித் தலைச்சொல்லாகவே தருகிறது. ஒன்று, கையில் புரளும் பணம் என்ற பொருளில் உலகம் முழுக்கப் புழங்குவது. அது ஒரு பெட்டியின் பெயரிலிருந்து வந்தது. இன்னொன்று, கீழைநாடுகளின் சிறு செப்பு நாணயத்தைக் குறிப்பது. அது நம் காசிலிருந்து போனது. வகுப்பில் நீங்கள் பேசியது முதல் கேஷைப் பற்றி. ஆகவே அன்றைய வழக்கில் தீர்ப்பு அவள் பக்கம். ஆனால் மேல்முறையீட்டில் உனக்கும் கொஞ்சம் கிடைக்கும்.

முதலில் பெட்டி.

உன் அப்பா உட்காரும் இடத்தில் ஒரு தேக்கு மேசை இருக்கிறதல்லவா? அதன் இழுப்பறையில் ஐந்து மரக் கிண்ணங்கள் குடைந்திருக்கும். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வகைச் சில்லறை. கிண்ணங்களுக்குப் பின்னால் நோட்டுகளைப் படுக்கவைக்கும் பள்ளம். நடுக்கிண்ணத்தின் விளிம்பு மட்டும் மற்றவற்றைவிடத் தேய்ந்து வழவழப்பாக இருக்கிறது. எத்தனை வருடம் எத்தனை விரல்கள் அங்கே துழாவியிருக்கும்! அந்த இழுப்பறையை நாம் ‘கல்லா’ என்கிறோம். எதிர்ச்சாரிக் குஜராத்தி வணிகரும் பக்கத்து மராத்தியரும் ‘கல்லா’ என்றே சொல்கிறார்கள், முதலெழுத்தை மட்டும் அவர்கள் அழுத்தி உச்சரிப்பார்கள். வடக்கே இருந்து தமிழுக்கு வந்து, ‘பெட்டி’ என்ற வாலையும் ஒட்டிக்கொண்டு கல்லாப்பெட்டி ஆன சொல் அது.

‘இன்றைக்குக் கல்லா எவ்வளவு?’ என்று அப்பா கேட்டால் நீ என்ன பதில் சொல்வாய்? இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம் என்று சொல்வாயா? எண்ணிப் பார்த்து ரூபாய்க் கணக்கைச் சொல்வாய். பெட்டியின் பெயர் பெட்டிக்குள் இருப்பதற்கு ஆகிவிட்டது. ஆங்கிலக் கேஷின் கதை முழுவதும் இவ்வளவுதான். மற்றதெல்லாம் ஊர்ப் பெயர்களும் வருடங்களும்.

லத்தீனில் ‘காப்சா’ என்றால் பெட்டி. ரோமானியர்கள் ஏட்டுச் சுருள்களை நிறுத்திவைக்கும் உருளைப் பெட்டிக்கும் அதே பெயர். ‘பிடித்துக்கொள்’, ‘கொள்’ என்ற பொருள் உள்ள வினையிலிருந்து பிறந்த சொல் அது. எதைக் கொள்கிறதோ அதற்குக் கொள்கலம். அது இத்தாலியில் ‘காஸ்ஸா’ ஆயிற்று, பிரான்சில் ‘கேஸ்’ ஆயிற்று, பணப்பெட்டிக்கும் பெயராயிற்று. 1590களில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது ‘கேஷ்’ என்றால் பணப்பெட்டி, பெட்டிக்குள் இருக்கும் பணம் என்று இரண்டு பொருளும் இருந்தன. பதினெட்டாம் நூற்றாண்டில் பெட்டி உதிர்ந்து போயிற்று, பணம் மட்டும் நின்றது. ஆனால் பிரான்சிலும் இத்தாலியிலும் பெட்டி உதிரவில்லை. பாரிஸில் ஒரு கடையில் பணம் கட்டும் இடத்தைக் கேட்டால் ‘கேஸ்’ என்று காட்டுவார்கள், பழக்கடையில் மரப்பெட்டிக்கும் அதே சொல். இத்தாலியர்கள் ஒரு படி மேலே போய்ச் சவப்பெட்டியையும் காஸ்ஸா என்பார்கள்.

உன் பாடத்துக்கு நேராக வருகிற செய்தி ஒன்று இருக்கிறது. இரட்டைப் பதிவுக் கணக்குமுறையை முதன்முதலில் அச்சில் விளக்கியவர் லூக்கா பச்சோலி என்ற துறவி. வெனிஸ் நகரில் 1494இல் அவருடைய கணிதப் பெருநூல் வெளிவந்தது. வணிகர் ஒருவர் தொழில் தொடங்கும்போது முதல் பதிவை எப்படி எழுத வேண்டும் என்று அதில் காட்டுகிறார்: பெட்டிக்குப் பற்று, முதலுக்கு வரவு. அவர் எழுதிய சொல் காஸ்ஸா. ‘கேஷ் கணக்கு டெபிட், கேப்பிடல் கணக்கு கிரெடிட்’ என்று நீ இன்று எழுதுகிறாயே, அதே பதிவுதான். வாத்தியார்கள் அதை விதியாக மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். கேஷ் என்பது ஒரு பெட்டி, அது ஓர் ஆள்போல உன்னிடமிருந்து பணத்தை வாங்கிக்கொள்கிறது என்று நினைத்துப் பார். வாங்கியவன் கணக்கில் பற்று. மனப்பாடமே வேண்டாம்.

இனி வருடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வை. பச்சோலியின் நூல் 1494. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையில் இறங்கியது 1498. லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி பிறந்தது 1600ஆம் ஆண்டின் கடைசி நாள். சென்னையில் அவர்கள் இடம் பிடித்தது 1639. நம் காசு கப்பலேறி மேற்கே போய்ச் சேர்வதற்கு முன்பே வெனிஸில் காஸ்ஸா கணக்குப் புத்தகத்தில் உட்கார்ந்துவிட்டது. ஒரு சொல் இன்ன மொழியிலிருந்து போனது என்று சொல்கிறவர், அதை யார், எப்போது, எந்த வழியாக எடுத்துப்போனார் என்று காட்ட வேண்டும். ஒலி ஒத்துப்போவது மட்டும் சாட்சியாகாது. முகம் ஒரே மாதிரி இருக்கிறது என்பதற்காக வேறொருவர் காசோலைக்கு நான் ஒருநாளும் பணம் கொடுத்ததில்லை.

காப்சாவின் பிள்ளைகுட்டிகள் உன்னைச் சுற்றித்தான் இருக்கின்றன. மருந்துக்கடையில் வாங்கும் கேப்ஸ்யூல் ‘சின்னஞ்சிறு பெட்டி’. உன் அப்பா இன்னும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கும் பக்திப் பாடல் கேசட்டும் ‘குட்டிப் பெட்டி’தான். லாரிக்காரர்கள் சேசிஸ் எண் என்று சொல்கிறார்களே, அந்தச் சேசிஸும் இதே குடும்பம். சூட்கேஸில் இருக்கும் கேஸும் அதே காப்சாவின் வாரிசு. ஆகவே சூட்கேஸில் கேஷ் பிடிபட்டது என்று செய்தித்தாளில் படித்தால், அண்ணன் வயிற்றில் தம்பி அகப்பட்டான் என்று வைத்துக்கொள். கோர்ட்டில் நடக்கும் கேஸ் மட்டும் வேறு வீட்டுப் பிள்ளை. அது ‘விழுவது, நேர்வது’ என்ற பொருளுள்ள இன்னொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

என் சொந்த அசட்டுத்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் ஆங்கில நாளிதழில் ராணுவ அதிகாரி ஒருவர் ‘கேஷியர்ட்’ என்று தலைப்பு. நல்ல பதவியில் இருந்த மனிதரைக் கொண்டுபோய்க் காசாளர் ஆக்கிவிட்டார்களே என்று பக்கத்துக் கூண்டுக்காரரிடம் வருத்தப்பட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் பணம் எடுக்க வந்தவர்களின் பித்தளை டோக்கன்கள் மேசையிலிருந்து சிதறின. மானக்கேடாகப் பதவி பறித்து வெளியேற்றுவதற்குத்தான் அந்தச் சொல்லாம். ‘வெறுமையாக்கு, ரத்துசெய்’ என்ற பொருளில் பிரெஞ்சிலிருந்து டச்சுக்குப் போய், நெதர்லாந்துப் போர்க்களங்களில் சண்டையிட்ட ஆங்கிலச் சிப்பாய்கள் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதுவும் 1590களில்தான். காசாளர் கேஷியர் பெட்டியின் காவலர், பதவி பறிக்கும் கேஷியர் யாரோ ஒரு வழிப்போக்கர். ஒரே ஒலி, ஒரே காலம், இருந்தும் உறவில்லை. இரண்டு கேஷ்களை நான் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டது அன்றைய சிரிப்பில்தான்.

முந்திரிப் பருப்பை ஆங்கிலத்தில் ‘கேஷ்யூ’ என்கிறார்களே, அதற்கும் பணத்துக்கும் உறவு உண்டா என்று நீ கேட்கக்கூடும், விலையைப் பார்த்தால் கேட்கத்தான் தோன்றும். இல்லை. அது பிரேசில் பழங்குடியினரின் துப்பி மொழிச் சொல். போர்ச்சுகீசியர் ‘காஜு’ என்று எடுத்துக்கொண்டார்கள், மும்பையில் இன்னும் அப்படியே இருக்கிறது.

பணத்தை அதை வைத்திருக்கும் பொருளின் பெயரால் அழைப்பது வெள்ளைக்காரர்களின் வழக்கம் மட்டும் அல்ல. தருமிக்குக் கிடைத்த பொற்கிழியை எடுத்துக்கொள். கிழி என்றால் கிழித்த துணி. துணியில் பொன்னை வைத்து முடிந்தார்கள், துணியே பரிசின் பெயராயிற்று. பணமுடிப்பும் அப்படித்தான், முடிச்சுதான் பரிசு. ஆண்டுதோறும் பிப்ரவரியில் எல்லோரும் பேசும் பட்ஜெட், பிரெஞ்சில் சிறு தோல்பை. கஜானா அரபியில் சேமிப்பறை. அதே அரபு வேரிலிருந்து பண்டகசாலை என்ற பொருளில் ஒரு சொல் இத்தாலி வழியாக இங்கிலாந்து போய் மேகசின் ஆயிற்று. துப்பாக்கிக் குண்டுகளை அடைக்கும் மேகசினும் நீ படிக்கும் மேகசினும் சரக்கு வைக்கும் இடங்கள்தான்.

‘கேஷ்’ என்ற பொருளில் நமக்கு ஒரு சொல் கேட்டால் நான் ரொக்கம் என்பேன். மும்பை வங்கிகளில் பணம் கட்டும் சீட்டைப் பார்த்திருப்பாய், மூன்று மொழியில் அச்சிட்டிருப்பார்கள். ஆங்கிலத்தில் கேஷ், இந்தியில் ‘நகத்’, மராத்தியில் ‘ரோக்’. மராத்தி ரோக்கும், குஜராத்தி ரோக்கடும், வட கர்நாடகத்தார் பணத்துக்கே சொல்லும் ரொக்காவும், நம் ரொக்கமும் ஒரே வம்சம். வேலைக்கு வந்த முதல் வாரத்தில் ஒரு மராத்திப் பாட்டி கூண்டுக்கு வெளியே நின்று ‘ரோக், ரோக்’ என்றபோது எனக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. கணக்குப் பேரேட்டில் நம்மவர்கள் எழுதியது அதைவிட அழகான சொல்: கையிருப்பு. வெனிஸ்காரனுக்குப் பணம் பெட்டியில் இருக்கிறது, நமக்குக் கையில். கையில் காசு, வாயில் தோசை என்று நம் ஆட்கள் சொன்னது ரொக்க வியாபாரத்துக்கு இலக்கணம். கடன் சொல்ல வருகிறவர்களுக்காக அதை எழுதிக் கடையில் மாட்டலாம்.

இனி உன் பக்கத்து வழக்கு.

காசு தமிழில் மிகப் பழைய சொல். குறுந்தொகையின் 67ஆம் பாடலில் ஒரு காட்சி வருகிறது. கிளி ஒன்று தன் வளைந்த அலகில் வேப்பம்பழத்தைக் கவ்வியிருக்கிறது. அது எப்படி இருக்கிறதாம்? பொன்நகை செய்பவன் புது நூலில் கோப்பதற்காகக் கூரிய நக நுனியில் பிடித்திருக்கும் பொற்காசு ஒன்றைப் போல. வேப்பம்பழத்தின் அளவு, மஞ்சள், நகத்தின் வளைவு, அலகின் வளைவு எல்லாம் ஓர் உவமைக்குள் அடங்கிவிட்டன. பாடியவர் அள்ளூர் நன்முல்லையார் என்ற பெண். காசுமாலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கிளி நினைவுக்கு வரும். இலக்கணத்திலும் காசுக்கு ஓர் இடம் உண்டு. வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றாக முடிய வேண்டும். ‘சொல்லிழுக்குப் பட்டு’ என்று முடியும் குறளை அலகிட்டுப் பார், கடைசியில் காசு விழும்.

சோழர் காலத்தில் காசு என்றால் பெரிய தொகை, அது பொன் நாணயம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் கோயில் பணத்தைக் கிராமச் சபைகளுக்கு வட்டிக்கு விட்ட கணக்கு வெட்டியிருக்கிறது: காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. அரைக்கால் என்றால் எட்டில் ஒரு பங்கு, நூற்றுக்குப் பன்னிரண்டரை. என் வங்கி வாழ்க்கையில் ஒருவர்கூட வட்டி விகிதத்தை இத்தனை சுருக்கமாகச் சொன்னதில்லை, சொன்னதைக் கல்லில் வெட்டியதும் இல்லை.

அதற்கும் முன்னால், ஏழாம் நூற்றாண்டில், திருஞானசம்பந்தர் காசைப் பற்றிப் போட்ட சண்டை என் தொழிலுக்கு நெருக்கமானது. திருவீழிமிழலையில் பஞ்சம். அடியார்களுக்குச் சோறிடச் சிவன் நாளும் ஒரு காசு கொடுத்தார் என்பது வரலாறு. நாவுக்கரசர் பெற்ற காசு கடைத்தெருவில் முழு மதிப்புக்குப் போயிற்று. சம்பந்தர் பெற்ற காசுக்கு வாசி கேட்டார்கள், அதாவது மாற்றும்போது பிடித்தம். அவருடைய மடத்தில் சமையல் தாமதமானது. அவர் நேராகக் கடவுளிடமே போய் ‘வாசி தீரவே காசு நல்குவீர்’ என்று கேட்டார். பக்திப் பாடலாகப் பாடி வைத்திருக்கிறோம். நான் அதை மாற்று விகிதத்தைப் பற்றிய புகார் மனுவாகவும் படிப்பேன். கிழிந்த நோட்டைக் கொண்டுபோய்ப் பிடித்தம் போக மீதி வாங்கி வருகிறவர்கள் உன் தெருவிலேயே இருக்கிறார்கள், அவர்களைக் கேள், வாசி என்றால் என்னவென்று சொல்வார்கள்.

இந்தக் காசு வடமொழியின் ‘கர்ஷ’ என்ற எடைப்பெயரிலிருந்து வந்ததா, தமிழிலேயே பிறந்ததா என்று அறிஞர்கள் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். மணி, பொன், நகை என்ற பொருள்களும் நம் காசுக்கு இருப்பதால் எனக்கு இரண்டாவது கட்சியின் பக்கம் சாய்வு. உன் கேள்விக்கு அது தேவையில்லை.

போர்ச்சுகீசியர் வந்தார்கள். நம் கரையில் சின்ன நாணயத்தைக் காசு என்று சொல்வதைக் கேட்டார்கள். தங்கள் ஊர் எழுத்தில் அதை ‘கைஷா’ என்று எழுதினார்கள். வேடிக்கை என்னவென்றால், கைஷா அவர்கள் மொழியில் ஏற்கெனவே இருந்த சொல், அதே காப்சாவின் மகள், பொருள் பெட்டி! புதுச் சொல்லைப் பழைய சட்டையில் நுழைத்துவிட்டார்கள். அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் வாங்கிய போது அது ‘கேஷ்’ ஆயிற்று. நம் ‘சு’ எப்படி ‘ஷ்’ ஆயிற்று என்பதற்கு அந்தக் கைஷா ஒரு காரணம். இன்னொன்று என் ஊகம்: போர்ச்சுகீசியர் முதலில் குடியேறியது மலையாளக் கரையில். மலையாளிகள் நம்மைப் போலக் ‘காசு’ என்று சொல்வதில்லை, ‘காஷ்’ என்பார்கள். உன் வீட்டு மாடியில் இருக்கும் செவிலியர் அக்காவைச் சொல்லச் சொல்லிக் கேள், ஆங்கிலம் பேசுகிறாரோ என்று தோன்றும்.

போர்ச்சுகீசியர் நமக்குக் கொடுத்துவிட்டுப் போன சொற்களில் சாவி உண்டு, அலமாரி உண்டு, மேசை உண்டு. பெட்டி, பூட்டு வகையறாவைக் கொடுத்துவிட்டுக் காசை எடுத்துப் போயிருக்கிறார்கள்.

இந்த இரண்டாவது கேஷுக்கு 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் தனிப் பதிவே இருக்கிறது. கறி, கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் போன்றவை ஆங்கிலத்தில் ஏறிய கதைகளைத் திரட்டிய நூல் அது. தொகுத்த இருவரில் பர்னல் என்பவர் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், தமிழும் வடமொழியும் அறிந்தவர். தமிழ்க் காசிலிருந்தே போர்ச்சுகீசியக் கைஷா வந்திருக்கும் என்பது அங்கே பதிவாகியிருக்கிறது. அடுத்த தடவை யாராவது சிரித்தால் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துவிடு.

சென்னையில் கம்பெனியார் நடத்திய நாணயக் கணக்கு இப்படி: 80 கேஷ் ஒரு ஃபனம், 42 ஃபனம் ஒரு பகோடா. ஃபனம் நம் பணம்தான். பகோடா என்பது வெங்காயப் பகோடா அல்ல, வராகன் என்ற பொன் நாணயத்துக்கு ஐரோப்பியர் வைத்த பெயர். ஆக ஒரு வராகனுக்கு 3,360 காசு. சோழர் காலத்தில் பொன்னாக இருந்த காசு எந்த அளவுக்குத் தேய்ந்துவிட்டது பார். 1818இல் ரூபாய்க் கணக்கு வந்து, ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று மாற்றி, இந்தக் கேஷை சென்னை மாகாணத்தில் முடித்து வைத்தது.

அதற்குப் பத்து வருடம் முன்பு சென்னைக்காக இங்கிலாந்தின் பர்மிங்காமில் பத்து, இருபது கேஷ் செப்புக் காசுகளை அச்சடித்தார்கள். ஒரு பக்கம் சிங்கங்கள் கேடயம் தாங்கும் கம்பெனிச் சின்னம், மறுபக்கம் பாரசீக எழுத்து, அடியில் ஆங்கிலத்தில் கேஷ் என்ற சொல். தமிழன் கடைக்குப் போகும் காசு, அதில் தமிழ் ஓர் எழுத்து கிடையாது. அந்தக் காசுகளை டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்ட ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையைவிட்டு நகர்வதற்குள் குட்வின் மணல்திட்டில் மோதி முழுகிவிட்டது. 1980களில் முக்குளிப்போர் லட்சக்கணக்கில் அள்ளினார்கள். பூந்தமல்லிக் கீரைக்காரியின் மடிக்குப் போக வேண்டிய சில்லறை இன்று உலகெங்கும் நாணயம் சேர்ப்பவர்களிடம் இருக்கிறது.

எங்கள் நாகர்கோவில் பக்கம் மட்டும் கேஷ் சாகவில்லை. அது அப்போது திருவிதாங்கூர் ராஜ்யம். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். இது 1949 வரை நடந்தது, அரசாங்க ஆங்கிலக் கணக்கில் கேஷ் என்றே எழுதினார்கள். பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம். அந்த அரைச் சக்கரத்துக்காக என் ஆச்சி சந்தையில் போட்ட சண்டைகளை ஊரே பேசும். நான் வங்கியில் சேர்ந்த செய்தியைச் சொன்னபோது, அவர் சுருக்குப்பையைத் துழாவி ஒரு செப்புக் காசை எடுத்து என் கையில் வைத்தார். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது, ஒரு பக்கம் சங்கு. தேய்ந்து போயிருந்தது, வெற்றிலைச் சுண்ணாம்பின் வெள்ளை ஓரத்தில் ஒட்டியிருந்தது. “இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்” என்றார். ஒரு திருவிதாங்கூர் ரூபாயில் நானூற்று நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. முப்பத்தாறு வருடமும் என் மேசை அறையில் இருந்தது. ஒவ்வொரு மாலையும் கையிருப்பு எண்ணும்போது அதைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் எண்ணுவேன்.

இரண்டாவது கேஷ் இன்னும் தூரமாகவும் போனது. போர்ச்சுகீசியர் 1511இல் மலாக்காவைப் பிடித்தார்கள், பிறகு சீனக் கரையில் மக்காவ் துறைமுகத்தில் காலூன்றினார்கள். அங்கெல்லாம் சின்ன நாணயத்தைக் கண்டால் கைஷா என்றார்கள். சீனாவில் நடுவில் சதுர ஓட்டை போட்ட வட்டச் செப்பு நாணயம் புழங்கிற்று. ஓட்டையில் கயிறு கோத்து ஆயிரம் ஆயிரமாகச் சரம் கட்டுவார்கள். சீனர்கள் அதற்குத் தங்கள் மொழியில் வேறு பெயர் வைத்திருந்தார்கள். ஐரோப்பியர் வைத்த பெயர்தான் உலக ஏடுகளில் நின்றது: கேஷ். இன்றைக்கும் நாணயப் பட்டியல்களில் ‘சீனக் கேஷ்’ என்றுதான் போடுகிறார்கள். காவிரிக்கரையில் பிறந்த பெயர் சீன நாணயத்தின் தலையில் உட்கார்ந்திருக்கிறது, சீனர்களுக்கே தெரியாமல். நம் ஊருக்கு அந்த நாணயம் புதிதும் அல்ல. தஞ்சை வட்டாரத்தில் சீனக் காசுக் குவியல்கள் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்திருக்கின்றன.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், போன வாரம் நீ கேள்வி கேட்டபோது உன் தலைக்கு மேலேதான் அது தொங்கிக்கொண்டிருந்தது. கல்லாவுக்கு மேலே, முருகன் படத்துக்குப் பக்கத்தில், சிவப்பு ரிப்பனில் மூன்று ஓட்டை நாணயம் கட்டித் தொங்கவிட்டிருக்கிறீர்களே, அதிர்ஷ்டம் வரும் என்று யாரோ சொல்லி உன் அப்பா வாங்கிவந்தது. அசல் சீனக் காசு அல்ல, அச்சுப்போட்ட போலி. ஆனால் பெயர் அசல். மேலே தொங்குவது காசு வழிக் கேஷ், கீழே இழுப்பறையில் இருப்பது பெட்டி வழிக் கேஷ். ஒன்றரை அடி இடைவெளி.

உன் தோழியை ஒருநாள் கடைக்குக் கூட்டிக்கொண்டு வா, இரண்டையும் காட்டு. அதற்குள் வாடிக்கையாளர் யாராவது கைபேசியில் பணம் அனுப்புவார், அந்த ஒலிப்பெட்டி ‘ஐம்பது ரூபாய் வந்தது’ என்று இந்தியில் கத்தும். பார், அங்கேயும் ஒரு பெட்டி. ஞாயிற்றுக்கிழமை நான் வரும்போது ஆச்சியின் காசைக் கொண்டுவருகிறேன். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடு, பழக்கதோஷத்தில் நடுக்கிண்ணத்தில் போட்டுவிடாதே.